ஷிப்ட் பொடி எப்போதிலிருந்து

இசக்கிசெல்விக்கு ஸ்டிக்கர் கோணலாக ஒட்டியிருந்தால் பல் கூசும். பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் தண்ணீர் பாட்டிலில் லேபிள் சரிந்திருந்தால்கூட அதைப் பிய்த்து நேராக ஒட்டக் கை பரபரக்கும் என்பாள். தொழிற்சாலையில் மூன்று வருஷம் அவளுக்கு அதுதான் வேலை. செல்போன் டப்பாவில் லேபிள் அரை மில்லிமீட்டர் நகர்ந்திருந்தாலும் எடுத்துச் சிவப்புத் தட்டில் வைத்துவிட வேண்டும். அதே லைனில் நாலு ஆள் தள்ளி நான் ஸ்குரூ போட்டுக்கொண்டிருந்தேன். என் பெயர் தங்கமாரி. இரண்டு பேருமே சங்கரன்கோவில் பக்கம். ஒரே வேனில் ஒரகடம் வந்து இறங்கி, வடக்குப்பட்டு ஹாஸ்டலில் பதினாலாம் நம்பர் அறையில் மேல் கட்டிலை அவளும் கீழ்க் கட்டிலை நானும் எடுத்துக்கொண்டோம்.

அரை மில்லிமீட்டர் தப்பைக் கண்டுபிடிக்கிற அந்தக் கண், தன் சொந்தப் பெயர் விஷயத்தில் எப்படிக் கோட்டை விட்டது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். அதில் பாதித் தப்பு என்னுடையது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் எனக்கு நிம்மதி.

ஹாஸ்டல் இட்லியைப் பற்றி விவரிக்க ஒன்றுமில்லை. ஷிப்ட் முடித்து நாங்கள் வந்து சேரும்போது அது ஆறிப்போய் விறைத்துக் கிடக்கும். சட்னி தீர்ந்திருக்கும். செல்வி ஊரிலிருந்து வரும்போது எள்ளும் கொள்ளும் பூண்டும் வத்தலும் சேர்த்து இடித்த பொடியை ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்தாள். அது மூன்றே நாளில் காலியானது. அடுத்த தடவை இரண்டு டப்பா. அதற்கடுத்த தடவை, ஆளுக்கொரு பாக்கெட் வேண்டும் என்று காசை நீட்டினார்கள். ஷிப்ட் விட்டு வருகிற பெண்கள் அறைக்கதவைத் தட்டி, "செல்வி, ஷிப்ட் பொடி இருக்கா?" என்று கேட்பார்கள். பெயர் அப்படித்தான் வந்தது. அவள் நோட்டு அட்டையைச் சதுரம் சதுரமாக வெட்டி, பச்சை ஸ்கெட்ச் பேனாவில் 'ஷிப்ட் பொடி' என்று எழுதி, கீழே ஒரு கடிகாரம் வரைந்து, பாக்கெட்டில் பின் குத்துவாள். ஒன்றுகூடக் கோணாது.

ஹாஸ்டலுக்குள் வெளிச்சாப்பாடு வரக் கூடாது, எதையும் விற்கக் கூடாது. வார்டன் ஞானம்மா திட்டுகிற ரகமில்லை, எழுதச் சொல்கிற ரகம். தாமதமாக வந்தால் மன்னிப்புக் கடிதம். பக்கெட்டில் ஹீட்டர் போட்டால் மன்னிப்புக் கடிதம். தேதி, அறை எண், செய்த தப்பு, எல்லாம் முழுசாக இருக்க வேண்டும். கீழே அறைத்தோழி ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். தப்பு செய்தவள் மறுபடியும் செய்தால் இரண்டு பேருக்கும் கட்டில் கிடையாது. 2019 ஆகஸ்டில் செல்வியின் தலையணைக்கடியில் ஒன்பது பாக்கெட் அகப்பட்டன. மெஸ்ஸில் நிற்க வைத்து எழுதி வாங்கினார்கள். நான் ஜாமீன் போட்டேன். அன்றோடு அவள் விற்பதை விட்டுவிட்டாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

2022-இல் செல்வியின் ஒப்பந்தம் முடிந்தது. ஊருக்குப் போகாமல் மண்ணூரில் ஒரு வீட்டுப் பின்பக்கத்தை வாடகைக்குப் பிடித்து, அரவை மெஷின் போட்டாள். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிந்து பதினாலு இலக்க எண் வாங்கினாள். பச்சைக் கவர் அச்சடித்தாள். இப்போது அவளிடம் இரண்டு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் கடைகளில் அவள் பாக்கெட் தொங்குகிறது. போன வருஷம் ஒரு கேண்டீன் கான்ட்ராக்டர், தன் கையிலிருக்கும் எல்லா ஹாஸ்டல்களுக்கும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. "பேரை டிரேட்மார்க் பண்ணிட்டு வாங்க. நாளைக்கு வேற யாராவது என் பேருன்னு வந்து நின்னா எனக்குத் தலைவலி."

பதினாலு இலக்க எண் வாங்கியதோடு பெயரும் தனக்குப் பதிந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தவள் செல்வி. அப்படி இல்லை என்று தெரிந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு ஒரகடம் கூட்டு ரோட்டில் சுபாஷின் கம்ப்யூட்டர் சென்டருக்கு ஓடினாள். சுபாஷ் உள்ளூர்ப் பையன். பத்திரம், பட்டா, ஆதார் என்று எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் போடுவான். இதையும் போட்டான்.

"யக்கா, இந்தப் பேர்ல எப்போலேர்ந்து வித்துகினு கீறீங்க?"

செல்வி என் முகத்தைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஒரே ஞாபகம்தான். தலையணை, மெஸ், ஜாமீன் கையெழுத்து. லைசன்ஸ் இல்லாமல் தின்பண்டம் விற்றதை அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுப்பதா? நான் வேண்டாமென்று தலையாட்டினேன்.

"இனிமேதான் விக்கப் போறோம்" என்றாள்.

சுபாஷ் அப்படியே தட்டினான். அடுத்து மெயில் ஐடி கேட்டான். செல்விக்குக் கிடையாது. வேலையில் சேரும்போது கன்சல்டன்சிக்காரர் உண்டாக்கிக் கொடுத்த ஒன்று என்னிடம் இருந்தது. அதைக் கொடுத்தேன். அதோடு மறந்தும் போனேன். மெயிலை யார் திறக்கிறார்கள்?

போன மாதம் ஒரு புதன்கிழமை, பி.எஃப். விஷயமாக ஓ.டி.பி. மெயிலுக்கு வரும் என்றார்கள். திறந்தேன். படிக்காத மெயில் நாலாயிரத்துச் சொச்சம். அதற்கு நடுவில் டிரேட்மார்க் அலுவலகத்திலிருந்து ஒன்று. அதோடு வந்த ஆங்கிலக் கடிதத்தில் எனக்குப் புரிந்தது மூன்று விஷயம். ஆட்சேபணை. முப்பது நாளுக்குள் பதில். உங்களுக்கு முன்பே இதே பெயருக்கு, இதே பொருளுக்கு வெங்கடேசன் என்பவர் விண்ணப்பித்திருக்கிறார். மெயில் வந்து இருபத்துமூன்று நாள் ஆகியிருந்தது.

ஷிப்ட் முடிகிற வரைக்கும் ஒரு ஸ்குரூவும் நேராக இறங்கவில்லை. மண்ணூர் போய்ச் செல்வியிடம் சொல்ல வாயைத் திறந்ததுமே அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. கவர் கட்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, மேலே இருந்ததை விரலால் தடவியபடியே இருந்தாள்.

"யூனிபாரம் கம்பெனியோடது. கட்டில் ஹாஸ்டலோடது. இந்தப் பேரு மட்டுந்தான்ட்டி எனக்குன்னு இங்கன கெடச்சுது. அதையும் தூக்கிட்டானா?"

வெங்கடேசனை எங்களுக்குத் தெரியும். ஹாஸ்டலுக்கும் கேண்டீன்களுக்கும் அரிசி பருப்பு போடுகிறவர். பல வருஷம் முன்பு ஹாஸ்டல் சமையற்கட்டில் அவளுடைய பொடியைத் தொட்டு நக்கி, பிரமாதம் என்று சொல்லி இரண்டு பாக்கெட் வாங்கிப் போனவர். அந்தப் பெருமையில் செல்வி அன்றைக்கு மூன்றாவது பாக்கெட்டைச் சும்மா கொடுத்தாளாம். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாள் ஸ்ரீபெரும்புதூரில் வக்கீல் சசிரேகாவைப் பார்த்தோம். நாற்பது வயதிருக்கும். நாங்கள் நீட்டிய பொடிப் பாக்கெட்டைத்தான் முதலில் வாங்கிப் பார்த்தார்.

"பேருக்குப் பக்கத்துல வட்டத்துக்குள்ள ஆர் போட்டிருக்கீங்களே, யார் போடச் சொன்னது?"

"அச்சுக்காரர் போட்டார், மேடம். அழகா இருக்கும்னார்."

"பதிவாகாத பேருக்கு அதைப் போடறது குற்றம். விண்ணப்பம் போட்டவங்க டி.எம்.னு போட்டுக்கலாம், அவ்வளவுதான். இன்னைக்கே அழிச்சிடுங்க."

ஆயிரக்கணக்கில் லேபிளைச் சோதித்துத் தள்ளியவளின் சொந்த லேபிள் சிவப்புத் தட்டுக்குப் போனது. செல்வியின் காது சிவந்துபோனது.

பிறகு சசிரேகா விளக்கினார். பதினாலு இலக்க எண் சாப்பாடு சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. பெயருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெயர் முதலில் விண்ணப்பித்தவருக்கே போய்விடும் என்றும் இல்லை. முதலில் அந்தப் பெயரில் வியாபாரம் செய்தவருக்குத்தான் பலம் அதிகம். வெங்கடேசன் 2021 ஜூலையிலிருந்து விற்பதாக எழுதியிருக்கிறார். அவருக்கும் இன்னும் பதிவாகவில்லை, எதிர்ப்புச் சொல்ல அவகாசம் இருக்கிறது.

"மேடம், நான் பத்தொம்பதுலேருந்தே விக்கேன்" என்றாள் செல்வி.

"ஆனா உங்க விண்ணப்பத்துல இனிமேதான் விக்கப் போறேன்னு இருக்கே. உங்க கையெழுத்தே உங்களுக்கு எதிரா நிக்குது. திருத்தக் கேக்கலாம். ஆதாரம் வேணும். பில், விளம்பரம், ஏதாவது பேப்பர். பேரும் தேதியும் அதுல இருக்கணும்." காலண்டரைப் பார்த்தார். "வர்ற புதன்கிழமை கடைசி. அதுக்குள்ள பதில் போகலைன்னா விண்ணப்பத்தைக் கைவிட்டதா எடுத்துப்பாங்க. அவருக்குப் பேர் பதிவாச்சுன்னா, உங்க கவரை நிறுத்தச் சொல்லிக் கோர்ட்டுக்கே போகலாம்."

அன்று சாயங்காலமும் மறுநாளும் நாங்கள் தேடாத இடமில்லை. பில் என்ற ஒன்றை அவள் அந்தக் காலத்தில் கண்ணாலும் பார்த்ததில்லை. வாட்ஸ்அப் குழு இருந்த போன் கழிப்பறையில் விழுந்து வருஷங்கள் ஆகின்றன. பழைய தோழிகளுக்குப் போன் போட்டோம். பாதி நம்பர் உபயோகத்தில் இல்லை. மீதிப் பேர், "நல்லா ஞாபகம் இருக்கு, அந்தப் பொடி இப்ப கெடைக்குமா?" என்று கேட்டார்கள். ஞாபகத்தை எப்படி நகல் எடுப்பது? செல்வி சாப்பாட்டை விட்டாள். கேஸை மூடினேனா, மெஷினை அணைத்தேனா என்று அரைமணிக்கொரு தரம் எழுந்து போய்ப் பார்த்துவந்தாள். நான் அந்த இரண்டு நாளும் மெயிலைத் திறந்து திறந்து பார்த்தேன். இருபத்துமூன்று நாள் திறக்காதவளுக்கு இப்போதுதான் புத்தி வந்தது.

சனிக்கிழமை மார்க்கர் பேனாவால் கவர்களில் இருந்த வட்டத்தை அழித்துக்கொண்டிருந்தபோது எனக்குச் சட்டென்று தோன்றியது.

"ஏட்டி, நீ மன்னிப்பு எழுதிக் கொடுத்தியே, அதுல பேரு எழுதினியா?"

செல்வியின் கை நின்றது. "பொடின்னு எழுதினேன். பேரு எழுதினேனான்னு ஞாபகம் இல்லயே" என்றாள். முகம் வெளுத்திருந்தது. எதற்காக அவ்வளவு வெளுக்கிறாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வடக்குப்பட்டுக்குப் போனோம். ஹாஸ்டல் வாசலில் வெங்கடேசனின் குட்டியானை வண்டி நின்றது. மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவரே எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா செல்வி, நல்லாக்கீறியா? நீயும் பேருக்குப் போட்டுகினியாமே. தப்பா நெனைக்காத. யாரு மொதல்ல போட்டாங்களோ அவங்களுக்குத்தான் பேரு. இதுல கோவம் இன்னா கீது?"

மனுஷர் நிஜமாகவே அப்படி நம்புகிறார் என்பது முகத்தில் தெரிந்தது. வில்லனாக இருந்திருந்தால் திட்டவாவது செய்திருக்கலாம். செல்வி உள்ளே போனாள்.

ஞானம்மா அதே மேஜை, அதே மூக்குக்கண்ணாடி. விஷயத்தைக் கேட்டுவிட்டு எழுந்து, இரும்பு பீரோவிலிருந்து '2019' என்று எழுதிய பைலை எடுத்தார். எத்தனை பெண்கள், எத்தனை மன்னிப்புகள்! அவர் ஒவ்வொரு தாளாகத் திருப்பத் திருப்ப நான் எட்டி எட்டிப் பார்த்தேன். கடைசியில் ஒரு தாளில் துருப்பிடித்த குண்டூசியோடு பச்சை எழுத்துச் சதுரம். கீழே கடிகாரம்.

"11-8-2019. அறை எண் 14, இசக்கிசெல்வியாகிய நான், 'ஷிப்ட் பொடி' என்ற பெயரில் ஒன்பது பாக்கெட் பொடி விற்பனைக்கு வைத்திருந்தேன். இனிமேல் 'ஷிப்ட் பொடி' விற்க மாட்டேன்."

"நாந்தான் பேரைப் போட்டு எழுதச் சொன்னேன்" என்றார் ஞானம்மா. "வெறும் பொடின்னு வுட்டா, அது வேற பொடி இது வேற பொடின்னு சொல்லுவீங்க. நான் பாக்காத பொண்ணுங்களா?"

வாசலில் இருக்கிற ஆளுக்குத் தெரிந்தால் சிக்கல் வருமே என்று நான் இழுத்தேன். "அவரு சரக்கு போடறவரு. பைலு என்னுது" என்றார். ஆனால் தாளைச் சும்மா தரவில்லை. பெற்றுக்கொண்டதாகச் செல்வி ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தந்தார்.

திங்கட்கிழமை என் ஷிப்ட் முடிந்ததும் சசிரேகாவிடம் ஓடினோம். நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு போனேன். அவர் இரண்டு தரம் படித்தார். சிரிக்கவில்லை.

"தேதி இருக்கு, பேர் இருக்கு, லேபிளே இருக்கு. ரொம்ப நல்ல ஆதாரம். ஆனா கடைசி வரியைப் பாருங்க. இனிமேல் விற்க மாட்டேன். அன்னையோட நிறுத்திட்டாங்க, இருபத்திரண்டுலதான் மறுபடி ஆரம்பிச்சாங்கன்னு அவர் தரப்புல சொல்வாங்க. நடுவுல அவர் வந்துட்டார். நீங்க விடாம வித்தீங்கன்னு காட்டணும். வித்தீங்களா?"

நான்தான் பதில் சொன்னேன். "இல்ல மேடம், அன்னையோட விட்டுட்டா. நான் ஜாமீன் போட்டிருந்தேன்."

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். "வித்தேன், மேடம். ரூமுக்குக் கொண்டாராம மொட்டை மாடியில வச்சு வித்தேன். ஊரடங்குல ஹாஸ்டல மூடினது தவிர ஒரு வாரம்கூட நிறுத்தல. திரும்பத் திரும்ப மாட்டினேன். இன்னும் ஆறு லெட்டர் இருக்கு."

ஆறு தடவை! ஒவ்வொரு தடவையும் என் கட்டிலும் சேர்த்துத்தானே போயிருக்கும்? அப்போது என் தம்பி படிப்பு என் சம்பளத்தில் ஓடியது. ஹாஸ்டலை விட்டு அனுப்பினால் கம்பெனியும் அனுப்பிவிடும். அது அவளுக்குத் தெரியும். எனக்கு மேல் கட்டிலில் படுத்துக்கொண்டு, என்னை அடகு வைத்துப் பொடி விற்றிருக்கிறாள். ஷேர் ஆட்டோவில் நான் அவளோடு பேசவில்லை. "தங்கம்" என்று இரண்டு தரம் கூப்பிட்டாள். "பேசாத, மூதி" என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டேன். கோபம் ஒரு பக்கம். அந்த பைல் இன்னும் பீரோவில் இருக்கிறதா, நேற்றே வெங்கடேசன் ஏதாவது சொல்லிக் கெடுத்திருப்பாரா என்ற பயம் இன்னொரு பக்கம். கோபத்தைக்கூட நிம்மதியாகப் படமுடியவில்லை.

ஞானம்மா எங்களைப் பார்த்ததும், "நேத்து மொத லெட்டர் கேட்டீங்க, குடுத்தேன். மீதி எப்ப வருவீங்கன்னு பாத்தேன்" என்று சொல்லி, ஆறு தாளையும் மேஜையில் வைத்தார். ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார். தேதியும் பெயரும் எல்லாவற்றிலும் இருக்கிறதா என்று சரிபார்க்கும் வேலையை நான் பிடுங்கிக்கொண்டேன். செல்வியிடம் கொடுக்க மனசில்லை.

2019 அக்டோபர். 2020 ஜனவரி. ஊரடங்கு முடிந்து ஹாஸ்டல் திறந்த பிறகு நவம்பர். 2021-இல் மார்ச், ஆகஸ்ட். 2022 பிப்ரவரி. எல்லாவற்றிலும் 'ஷிப்ட் பொடி' இருந்தது. எல்லாவற்றிலும் இனிமேல் விற்க மாட்டேன் இருந்தது. ஜாமீன் கையெழுத்து இருக்க வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது. அதற்குப் பதிலாக ஆறு தாளிலும், அவளுடைய நேர்க்கோட்டுக் கையெழுத்தில், ஒரே வரி.

"என் அறைத்தோழி தங்கமாரிக்கு இது எதுவும் தெரியாது. அவளை வெளியே அனுப்ப வேண்டாம். தண்டனை எதுவானாலும் நான் செய்கிறேன்."

"அந்த வரி நான் சொல்லல. அவளா எழுதினது" என்றார் ஞானம்மா. "ஒவ்வொரு வாட்டியும் ஒரு மாசத்து ஞாயித்துக்கெழம மெஸ்ஸு பாத்திரம் மொத்தமும் அவதான் கழுவுனா."

எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நாங்களெல்லாம் படம் பார்க்கக் கிளம்பும்போது செல்வி மெஸ்ஸில் குண்டானுக்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பாள். வார்டனுக்கு ஜால்ரா போடுகிறாள் என்று அறை அறையாகச் சொல்லிச் சிரித்தவள் நான்தான்.

தாள்களை அடுக்கி அவள் கையில் கொடுத்தேன். "சாப்டியாட்டி?" என்று கேட்டேன். இல்லை என்றாள்.

புதன்கிழமை காலையில் நோட்டரி முன்னால் உறுதிமொழிப் பத்திரம் தயாரானது. சசிரேகா ஏழு கடிதங்களையும் தேதிவாரியாக இணைத்தார். ஆட்சேபணைக்குப் பதில், விண்ணப்பத்தைத் திருத்தக் கோரும் மனு, வெங்கடேசனின் விண்ணப்பத்துக்கு எதிர்ப்பு, மூன்றுக்கும் அதே ஏழு தாள்கள். கட்டாயம் கிடைத்துவிடும் என்று அவர் சொல்லவில்லை. மாதக்கணக்கில் ஆகலாம், வெங்கடேசனும் பதில் போடுவார், விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். மெயிலைத் தினமும் பாருங்கள் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். இப்போது பார்க்கிறேன். ஷிப்டுக்குப் போகும் முன் ஒரு தரம், வந்ததும் ஒரு தரம். இதுவரை ஒன்றும் வரவில்லை.

அன்றைக்கு அனுப்புவதற்கு முன்னால் சசிரேகா கடைசியாக ஒரு தரம் எல்லாவற்றையும் வாசித்துச் சரிபார்த்தார். ஓரிடத்தில் நிறுத்திக் கேட்டார்.

"இந்தப் பேர்ல எப்போதிலிருந்து விக்கிறீங்க?"

நான் செல்வியின் முகத்தைப் பார்த்தேன். இந்தத் தடவை அவள் என்னைப் பார்க்கவில்லை.

"ரெண்டாயிரத்துப் பத்தொம்பது, ஆகஸ்ட் பதினொண்ணுக்கு முன்னாடியிலேருந்தே, மேடம். நானா ஒரு நாளும் விட்டதில்ல."